ஃப்ரண்ட் ஸ்பீக்கருக்குத் தனி பவர் ஆம்ப்: எப்போ தேவை, எப்படி மாட்டுறது?

#1 புதுக்குடி பேஸ்

வணக்கம். டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800எச் ரிசீவர், முன்னாடி கெஃப் ஆர்3 ஸ்பீக்கர் ஜோடி, அதே வரிசையில சென்டர், பின்னாடி சின்ன புக்‌ஷெல்ஃப் ரெண்டு, 12 அங்குல சப் (பேஸுக்கான சப்வூஃபர்) ஒண்ணு. ரூம் 12க்கு 16 அடி. சோஃபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் 3.5 மீட்டர்.

படத்துல சத்தம் ஏத்துற வரைக்கும் நல்லா இருக்கு. ஒரு கட்டத்துக்கு மேல சண்டைக் காட்சி, பின்னணி இசை எல்லாம் இறுகிப் போய் காதை உறுத்துது. ஃப்ரண்டுக்கு மட்டும் ரெண்டு சேனல் பவர் ஆம்ப் போட்டா சரியாயிடும்னு கடையில சொல்றாங்க. ரிசீவர்ல ப்ரீ-அவுட் (வெளி ஆம்புக்குச் சிக்னல் கொடுக்குற சாக்கெட்) இருக்கு. போடலாமா? போட்டா எத்தனை வாட்?

#2 மீட்டர்காரர்

வாங்குறதுக்கு முன்னாடி அளந்துடுங்க. மல்டிமீட்டர் ஒண்ணு போதும்.

முதல்ல காகிதக் கணக்கு. ஆர்3 சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தா ஒரு மீட்டர்ல வர்ற சத்தம், 87 டெசிபெல். உங்க ரிசீவர் ரெண்டு சேனல் ஓட்டும்போது 8 ஓமுக்கு 105 வாட், அதாவது 29 வோல்ட். 1 வாட்ல இருந்து 105 வாட்டுக்குப் போனா 20 டெசிபெல் கூடும். ஸ்பீக்கர்ல இருந்து ஒரு மீட்டர்ல 107. 3.5 மீட்டர் தள்ளி உட்கார்ந்தா 11 போயிடும், ரூம் சுவர்கள் 3 திருப்பித் தரும். சோஃபாவுல உச்சம் சுமார் 99 டெசிபெல், ஒரு ஸ்பீக்கருக்கு.

தியேட்டர் சத்தத்துக்கான அளவுகோல், அதாவது சினிமா ரெஃபரன்ஸ்படி மாஸ்டர் வால்யூம் 0ல ஒரு மெயின் சேனலோட உச்சம் 105. நீங்க -10ல பார்த்தா 95 போதும். அதுக்கு 40 வாட் கூட வேண்டாம். -15ல பார்க்கிறவருக்கு 12, 13 வாட். -5க்கு ஏத்தினீங்கன்னா 120 வாட்டுக்கு மேல கேட்கும், அங்கதான் ரிசீவர் கையை விரிக்கும். அதனால எந்த வால்யூம்ல உறுத்துதுங்கிற எண் தெரியாம ஆம்ப் வாங்கச் சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க.

இப்ப அளவு. 300 ஹெர்ட்ஸ் சைன் டோன், -12 டெசிபெல் லெவல்ல ஒரு ஃபைல் தயார் பண்ணுங்க, ஆடாசிட்டியில ஒரு நிமிஷ வேலை. ஆடிஸ்ஸி (ரிசீவரோட ரூம் கரெக்‌ஷன்), டைனமிக் ஈக்யூ (குறைஞ்ச வால்யூம்ல ஒலியைச் சரிக்கட்டுறது) ரெண்டையும் நிறுத்துங்க, மோட் ஸ்டீரியோ. நீங்க வழக்கமா பார்க்கிற வால்யூமைக் குறிச்சு வைங்க. ரிசீவரை அணைச்சு ஃப்ரண்ட் ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டிட்டு, டெர்மினல்ல மீட்டரை ஏசி வோல்ட்ல வைங்க. வால்யூமைக் கீழ இருந்து அந்த எண்ணுக்குக் கொண்டு போய் என்ன காட்டுதுன்னு பாருங்க. டோன் உச்சத்தைவிட 12 டெசிபெல் கீழ, அதாவது வோல்ட்ல நாலுல ஒரு பங்கு; அதனால அதை நாலால பெருக்கினா உச்சத்துல தேவைப்படுற வோல்ட். வோல்ட்டை வோல்ட்டாலயே பெருக்கி 8ஆல வகுத்தா வாட்.

300 ஹெர்ட்ஸ் ஏன்னா, மலிவு மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல பொய் சொல்ல ஆரம்பிக்கும். 100 பக்கம் இறங்கினா 80 ஹெர்ட்ஸ் க்ராஸோவர் (அதுக்குக் கீழ உள்ள பேஸை சப்புக்குப் பிரிச்சு அனுப்புறது) கொஞ்சம் தின்னுடும்.

#3 நாலு ஓம்

மீட்டர் தேடுறதுக்குள்ள காசில்லாம செய்ய வேண்டிய மூணு வேலை இருக்கு.

ஃப்ரண்ட் ஸ்பீக்கர் 'லார்ஜ்'னு இருந்தா 'ஸ்மால்' ஆக்கி க்ராஸோவர் 80 வைங்க. ஆக்‌ஷன் படத்துல மின்சாரத்தை அதிகமா குடிக்கிறது கீழ் பேஸ்தான். ஆறரை அங்குல டிரைவரும் அதே பேஸை அடிக்கப் போய்த்தான் நடு ஒலிகளைக் குழப்பும். சப்புக்குத் தனி ஆம்ப் இருக்கே, அது சுமக்கட்டும்.

இம்பீடன்ஸ் (ஸ்பீக்கரோட மின்தடை) செட்டிங்கை யாராவது 4 ஓம்ல வெச்சிருந்தா 8க்குத் திருப்புங்க. பெயரைப் பார்த்து 4 ஓம் ஸ்பீக்கருக்கு நல்லதுன்னு நினைக்கிறாங்க. நடக்கிறது நேர் எதிர்: உள்ளே கிடைக்கிற வோல்ட்டைக் குறைச்சு, சூடு ஏறாமப் பார்த்துக்குற அமைப்பு அது. ரிசீவருக்குப் பாதுகாப்பு, உங்க உச்சங்களுக்கு வெட்டு.

ஈக்கோ மோட் 'ஆட்டோ'ல இருந்தாலும் நிறுத்திட்டுக் கேளுங்க.

அப்புறம் ஒரு சந்தேகம். ஆர்3 பின் சுவர்ல இருந்து எவ்வளவு தூரம்? கூம்பின் முகத்துல இருந்து சுவருக்கு 60 செமீ இருந்தா 140 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும். குரலும் தபலாவும் மெலிஞ்சு போகும், ஆள் வால்யூமை ஏத்துவார், மேல் ஸ்தாயி உறுத்தும். அதை எந்த ஆம்பும் நிரப்பாது. அலை அலையை அடிக்குற இடத்துல 6 டெசிபெல் கூட்டினா நாலு மடங்கு வாட் செலவாகும், பள்ளம் அப்படியே இருக்கும்.

#4 செவிநுகர்

வாட் கணக்கு மட்டும் போதாது நண்பர்களே. ரிசீவருக்குள் ஒரே பெட்டியில் ஒன்பது சேனல் ஆம்ப், வீடியோ போர்டு, நெட்வொர்க் எல்லாம் நெருக்கியடிக்கின்றன. தனி ஆம்புக்கு மாறினால் சத்தம் குறைவாக இருக்கும்போதே ஒலி மேடை விரிகிறது, பேஸ் கட்டுக்குள் வருகிறது. டாம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கர் ஓமை ஆம்பின் உள் தடையால் வகுத்த எண்) 100ஐத் தாண்டிய ஆம்பைக் கேட்டவர்கள் திரும்பிப் போவதில்லை.

#5 மீட்டர்காரர்

செவிநுகர், ரெண்டு ஆம்பையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டு வந்து கேட்டாத்தான் இதைச் சொல்ல முடியும். காதால சரிபார்த்தா போதாது. ஸ்பீக்கர் டெர்மினல்ல 2.83 வோல்ட் வர்ற மாதிரி ஒண்ணை வைங்க, இன்னொண்ணு 2.80க்கும் 2.86க்கும் நடுவுல இருக்கணும். அதுதான் 0.1 டெசிபெல். அரை டெசிபெல் கூட இருக்கிற ஆம்ப் 'சத்தமா' கேட்காது, 'தெளிவா' கேட்கும். கடை டெமோவுல நடக்கிறது பெரும்பாலும் இதுதான். போதாக்குறைக்கு, தனி ஆம்ப் மாட்டினதும் கெயின் (ஆம்ப் சிக்னலைப் பெருக்குற அளவு) வித்தியாசத்தால ஃப்ரண்ட் தானா 3, 4 டெசிபெல் ஏறிடும். மறுபடி கேலிப்ரேட் பண்ணாமக் கேட்டா மேடை விரியத்தான் செய்யும்.

டாம்பிங் ஃபேக்டர்: 8 ஓமுக்கு 100ன்னா ஆம்போட உள் தடை 0.08 ஓம். 2.5 சதுர மிமீ ஒயர் அஞ்சு மீட்டர் போட்டா போக வர சேர்த்து 0.07 ஓம். 500 டாம்பிங் உள்ள ஆம்ப் வாங்கி மெல்லிசு ஒயர் போட்டா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சூடு, ஒரே டிரான்ஸ்ஃபார்மர் இதெல்லாம் உண்மைதான், மறுக்கலை. அஞ்சு சேனலும் சேர்ந்து உழைக்கும்போது 105ங்கிறது பெரும்பாலும் 70 பக்கம் வந்துடும். ஆனா அது சத்தம் ஏறும்போது நடக்குற விஷயம். ராத்திரி பத்து மணிக்கு மெதுவா பார்க்கிறவருக்கு இல்லை.

#6 செவிநுகர்

0.1 டெசிபெல் வாதம் தெரிந்ததுதான். அளவு சமன் செய்த பிறகும், இம்பீடன்ஸ் ஆழமாக இறங்கும் ஸ்பீக்கரில் வித்தியாசம் வரும் என்பது என் நிலை. ஆர்3 பெயருக்கு 8 ஓம், ஆனால் 3.2 வரை இறங்குகிறது என்று கெஃப் நிறுவனமே குறிப்பிடுகிறது.

#7 நாலு ஓம்

அந்த 3.2 முக்கியமான எண், செவிநுகர் சொல்றதுல அது சரி. 8 ஓம்னு நினைச்சு 28 வோல்ட் கொடுத்தா 3.5 ஆம்பியர். அதே 28 வோல்ட் 3.2 ஓம்ல கிட்டத்தட்ட 9 ஆம்பியர் கேட்கும். வோல்ட் இருக்கும், கரண்ட் இருக்காது. ரிசீவர் சில நேரம் உறுத்தலா கத்தாம 'டப்'னு ப்ரொடெக்‌ஷனுக்குப் போறதும் இதனாலதான். ஆம்ப் ஸ்பெக் பார்க்கும்போது 8 ஓம் வாட்டுக்குப் பக்கத்துல 4 ஓம் வாட்டைப் பாருங்க. ஒன்றரை மடங்குக்கு மேல இருந்தா கரண்ட் கொடுக்கத் தெரிஞ்ச ஆம்ப். 4 ஓமுக்கு எண்ணே போடலைன்னா தள்ளி வைங்க.

#8 புதுக்குடி பேஸ்

அளந்தேன். வழக்கமா பார்க்கிறது -12: மீட்டர் 3.5 வோல்ட். உறுத்துறது -6ல: 7.0 வோல்ட். ஃப்ரண்ட் 'ஸ்மால்', 80தான். இம்பீடன்ஸ் 8லயே இருக்கு. ஈக்கோ ஆட்டோல இருந்தது, நிறுத்தியும் -6ல அதே கதை. ஸ்பீக்கர் முகத்துல இருந்து சுவர் 45 செமீ.

#9 மீட்டர்காரர்

உங்க கேள்விக்குப் பதிலே இதுதான். -12ல 14 வோல்ட், 25 வாட். ரிசீவர் தூக்கத்துலயே கொடுக்கும். இங்க எந்த ஆம்ப் போட்டாலும் ஒலி மாறாது. -6ல 28 வோல்ட், 98 வாட். ரெண்டு சேனல் மட்டும் ஓடினாலே கரையில நிக்குது; சென்டரும் சேர்ந்து அடிச்சா கரை தாண்டி க்ளிப் ஆகும், அதாவது அலையோட உச்சி வெட்டுப்படும். உறுத்தல் அதேதான்.

-6ல நிம்மதியா பார்க்கணும்னா 8 ஓமுக்கு 200 வாட், 40 வோல்ட். இருக்கிறதுக்கு மேல மூணு டெசிபெல் இடம். 125 வாட் ஆம்ப் வாங்கினா முக்கால் டெசிபெல்தான் லாபம், காசு வீண். 400க்கும் போகாதீங்க. ஆர்3க்கு கெஃப் சொல்ற வரம்பு 15ல இருந்து 180 வாட் வரைக்கும். உச்சத்துல ஒரு நொடிக்கும் குறைவா 200 போறது பரவாயில்லை, தொடர்ந்து போனா வாய்ஸ் காயில் சூடாகும். சூடான காயிலோட தடை ஏறும், சத்தம் தானா குறையும், நீங்க இன்னும் ஏத்துவீங்க.

#10 சென்டர் கட்சி

எல்லாரும் ஃப்ரண்டைப் பத்தியே பேசுறீங்களே, படத்துல அதிகம் உழைக்கிறது சென்டர். வசனம் முழுக்க அங்க. ரெண்டு சேனல் ஆம்புக்குப் பதிலா மூணு சேனல் ஆம்ப் வாங்கி மூணு முன் ஸ்பீக்கரையும் அதுல போடுங்க. முன்னாடி மூணுக்கும் ஒரே கெயின், ஒரே ஹெட்ரூம் (உச்சத்துக்கு மிச்சமிருக்குற இடம்). இடமிருந்து வலம் கார் ஓடும்போது நடுவுல மட்டும் மூச்சு முட்டாது.

#11 நாலு ஓம்

பட்ஜெட் இருந்தா சென்டர் கட்சிக்கே என் ஓட்டு. ஆனா ரெண்டு சேனல் போட்டாலும் சென்டருக்கு லாபம் உண்டு: ஃப்ரண்ட் ரெண்டும் விலகிட்டா டிரான்ஸ்ஃபார்மர்ல மிச்சமாகுற கரண்ட் சென்டருக்குப் போகும். உச்ச வோல்ட் மாறாது, அஞ்சும் சேர்ந்து அடிக்கும்போது விழுற சரிவு குறையும். பாட்டுக்கும் பயன்படணும்னா ரெண்டு சேனல், படம் மட்டும்னா மூணு. அவ்வளவுதான்.

இப்ப எல்லாரும் கோட்டை விடுற இடத்துக்கு வர்றேன்: கெயின்.

ஆம்ப் 200 வாட்னு எழுதியிருந்தா மட்டும் 200 வராது. அதை முழுசா ஓட்ட ரிசீவர் ப்ரீ-அவுட்ல இருந்து எத்தனை வோல்ட் போகணும்ங்கிறது கெயினைப் பொறுத்தது. 40 வோல்ட் வெளியே வர:

29 டெசிபெல் கெயின், 28 மடங்கு: உள்ளே 1.4 வோல்ட்
26 டெசிபெல், 20 மடங்கு: 2 வோல்ட்
23 டெசிபெல், 14 மடங்கு: 2.8 வோல்ட்

ரிசீவர் ப்ரீ-அவுட் பலதும் 1.5 வோல்ட் பக்கம் வரைக்கும்தான் சுத்தமா இருக்கும், அதுக்கு மேல டிஸ்டார்ஷன் ஏறும். காரணம் சுவாரசியமானது. அதே சிக்னல்தான் உள்ள இருக்குற ஆம்புக்கும் போகுது. அது தன் எல்லையை முட்டி க்ளிப் ஆகும்போது அந்தக் கறை ப்ரீ-அவுட்லயும் ஒட்டிக்குது. ஸ்பீக்கர் மாட்டலைன்னாலும் உள் ஆம்ப் வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். எக்ஸ்3800எச்ல ஆம்ப் அசைன் மெனுவுல ஃப்ரண்டுக்கு மட்டும் உள் ஆம்பைத் துண்டிக்க வசதி இருக்கு. அதைப் போடாம விட்டா இத்தனை செலவும் பாதிப் பயன்தான்.

அதனால 23 டெசிபெல் கெயின் ஆம்ப் எவ்வளவு நல்லதா இருந்தாலும் ரிசீவருக்குத் துணை இல்லை. தலைகீழாவும் தப்பு உண்டு. 35 டெசிபெல் கெயின் இருந்தா ரிசீவரோட இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி, ட்வீட்டர்ல 'ஸ்ஸ்ஸ்'னு விடாம கேட்கும். 29க்குப் பக்கத்துல நில்லுங்க.

உதாரணம் வேணும்னா க்ரவுன் எக்ஸ்எல்எஸ் 1002. 8 ஓமுக்கு 215 வாட், 4 ஓமுக்கு 350, ஆர்சிஏ இன்புட்டும் இருக்கு. அதுல இன்புட் சென்சிட்டிவிட்டி 0.775 வோல்ட், 1.4 வோல்ட்னு ரெண்டு நிலை. 1.4ல வெச்சா கெயின் 29 சொச்சம், நம்ம கணக்குக்குச் சரியா வருது. 0.775ல வெச்சா 34க்கு மேல. உள்ளே இருக்குற க்ராஸோவர் பைபாஸ்ல இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா பேஸோ ட்ரெபிளோ காணாமப் போயிடும். மேடைக்காகச் செஞ்ச ஆம்ப், விசிறி உண்டு. டிவிக்குக் கீழ திறந்த ரேக்ல வெச்சா அமைதியான காட்சியில காதுல விழலாம். விசிறி வேண்டாம்னா ஹோம் தியேட்டருக்குன்னே செஞ்ச கிளாஸ் ஏபி ஆம்ப் பாருங்க, கனமும் விலையும் கூடும்.

#12 சின்னப்பெட்டி

ஆன்லைன்ல உள்ளங்கை சைஸ் கிளாஸ் டி ஆம்ப், 300 வாட்னு போட்டு மலிவா வருதே. டிபிஏ3255 சிப். அது ஆகாதா?

#13 மீட்டர்காரர்

சிப் நல்ல சிப். 300ங்கிறது 4 ஓம்ல, 10 சதவீத டிஸ்டார்ஷன்ல, 50 வோல்ட்டுக்கு மேல சப்ளை கொடுத்தா. 8 ஓம்ல என்ன கிடைக்கும்னு அடாப்டரைப் பார்த்தே சொல்லலாம். 48 வோல்ட் அடாப்டர்னா உச்சம் 46 வோல்ட் வரும்னு வைங்க: 46ஐ 46ஆல பெருக்கி 16ஆல வகுத்தா 132 வாட் (இது மீட்டர் காட்டுற வோல்ட் இல்லை, அலையோட உச்சி வோல்ட், அதான் 8க்குப் பதிலா 16). 32 வோல்ட் அடாப்டரோட வந்தா 56 வாட். புதுக்குடி இந்த ரெண்டாவதை வாங்கினா இருக்கிறதை விட மூணு டெசிபெல் கீழ போவார்!

48 வோல்ட்ல ஓட்டினா அவருக்கு ஒரு டெசிபெல் லாபம். 60, 70 வாட் ரிசீவர் வெச்சிருக்கிறவருக்கு, ஸ்பீக்கர் 4 ஓம்னா, இது நல்ல தீர்வு. ஃபோஸி வி3 மோனோ மாதிரி 25, 31னு கெயின் ஸ்விட்ச் உள்ளதைப் பாருங்க. வெளிவாசல் ஃபில்டருக்குப் பின்னாடியும் ஃபீட்பேக் எடுக்குற வகையா இருக்கணும். இல்லேன்னா ஸ்பீக்கரோட இம்பீடன்ஸுக்குத் தக்கபடி ட்ரெபிள் ஏறும் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. இதுல ப்ளஸ், மைனஸ் ரெண்டு டெர்மினல்லயும் சிக்னல் இருக்கு, மைனஸ் எர்த் கிடையாது. ரெண்டு சேனல் மைனஸையும் சேர்த்து முடிஞ்சாலோ, சப்வூஃபரோட ஹை-லெவல் இன்புட்டுக்கு இதுல இருந்து ஒயர் இழுத்தாலோ புகை வரும்.

#14 பழைய ரிசீவர்

என் ரிசீவர்ல சப் ப்ரீ-அவுட் மட்டும்தான் இருக்கு. ஃப்ரண்டுக்கு இல்லை. வழி உண்டா? ஸ்பீக்கர்ல நாலு டெர்மினல் இருக்கு, ரிசீவர்ல பை-ஆம்ப்னு (ஒரு ஸ்பீக்கருக்கு ரெண்டு ஆம்ப் சேனல்) ஒரு மோட் இருக்கு, அதையாவது போடலாமா?

#15 நாலு ஓம்

பை-ஆம்ப் மோட்ல அதே டிரான்ஸ்ஃபார்மர், அதே வோல்ட். உச்ச சத்தம் ஒரு டெசிபெல் கூட ஏறாது. செஞ்சே பார்ப்பேன்னா ஸ்பீக்கர் பின்னாடி இருக்குற பித்தளைப் பட்டையை முதல்ல கழட்டுங்க. பட்டையோட ரெண்டு ஆம்ப் சேனலைக் கொடுத்தா ஒண்ணு இன்னொண்ணோட அவுட்புட்டுக்குள்ள போய் முட்டும், எரியும்.

ப்ரீ-அவுட் இல்லாததுக்கு வழி ஸ்பீக்கர் அவுட்டைச் சின்னதாக்கி எடுக்குறது. கார் ஆடியோ கடையில ஹை-டு-லோ கன்வெர்ட்டர்னு கிடைக்கும். மலிவுல உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், கீழ் பேஸைத் தின்னும். ரெசிஸ்டர்ல நாமே செய்யலாம்: ஒவ்வொரு சேனலுக்கும் 18 கிலோ ஓம் ஒண்ணு, 1 கிலோ ஓம் ஒண்ணு, கால் வாட் மெட்டல் ஃபிலிம் போதும். ஸ்பீக்கர் ப்ளஸ்ல இருந்து 18, அதோட மறுமுனையில இருந்து 1, அது மைனஸுக்கு. ரெண்டும் சேருற இடம் ஆர்சிஏ நடு ஊசிக்கு, மைனஸ் வெளி வளையத்துக்கு. 28 வோல்ட் உள்ளே போனா ஒன்றரை வோல்ட் பக்கம் வரும், 29 டெசிபெல் ஆம்ப் முழுசா ஓடிடும். ரெசிஸ்டரை ஆம்ப் பக்கத்து முனையில வைங்க.

உள் ஆம்போட குணம் சிக்னல்ல இருக்கும்தான். ஆனா அதுக்கு இப்ப லோடே இல்லை, கரண்ட் கொடுக்க வேண்டாம், வோல்ட் சரியாது. இரைச்சலும் அதே விகிதத்துல இறங்கிடும். பலர் நினைக்கிற அளவுக்கு மட்டமான வழி இல்லை.

செய்யுறதுக்கு முன்னாடி ரிசீவரை ப்ளக்ல இருந்து பிடுங்கிட்டு, ஸ்பீக்கர் மைனஸுக்கும் ஏதாவது ஒரு ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் நடுவுல ஓம் பாருங்க. பூஜ்யத்துக்குப் பக்கம் காட்டினா செய்யலாம். திறந்து காட்டினா மீட்டர்காரர் சொன்ன கிளாஸ் டி வகை, தொடாதீங்க.

#16 பழைய ரிசீவர்

ஜோன் 2 (இன்னொரு ரூமுக்கான) ப்ரீ-அவுட் இருக்கு. அதை எடுத்து ஆம்புக்குக் கொடுத்தா?

#17 நாலு ஓம்

பாட்டு மட்டும் கேட்க ஆகும். படத்துக்கு ஆகாது. அது தனி ஸ்டீரியோ வழி. ரூம் கரெக்‌ஷன் இல்லை, க்ராஸோவர் இல்லை, சென்டரோட நேரமும் ஒத்துப் போகாது.

#18 புதுக்குடி பேஸ்

200 வாட் வகையில ஒண்ணு எடுத்து மாட்டியாச்சு. உள் ஆம்பையும் மெனுவுல துண்டிச்சாச்சு. ஆனா ஆம்ப் போட்டதும் ரெண்டு ஸ்பீக்கர்லயும் 'உம்ம்ம்'னு வருது. வால்யூம் ஏத்தினாலும் இறக்கினாலும் ஒரே அளவு. ஆம்ப் மூணு முள் ப்ளக், ரிசீவர் ரெண்டு முள். எலக்ட்ரீஷியன் ஆம்போட எர்த் முள்ளைக் கழட்டிடலாம்ங்கிறார்.

#19 ஈயப்பத்து

கழட்டாதீங்க. உள்ளே ஒரு இன்சுலேஷன் போனா கேபினெட்ல 230 வோல்ட் நிக்கும். எர்த் இருந்தா எம்சிபியோ ஆர்சிசிபியோ விழும். இல்லேன்னா நீங்க விழுவீங்க.

வால்யூமோட மாறாத உம்ம், கிரவுண்ட் லூப். வரிசையா பாருங்க:

ரெண்டையும் அணைச்சு ஆர்சிஏ ஒயரை ஆம்ப் பக்கம் பிடுங்கிட்டு ஆம்பை மட்டும் போடுங்க. சத்தமில்லைன்னா ஆம்ப் நல்லா இருக்கு. மறுபடி அணைச்சு ஆர்சிஏ மாட்டுங்க, இந்த முறை ரிசீவர் பின்னாடி இருந்து எச்டிஎம்ஐ, லேன், ஆன்டெனா எல்லாத்தையும் கழட்டிடுங்க. அமைதி ஆனா ஒவ்வொண்ணா திருப்பி மாட்டுங்க. எதை மாட்டும்போது உம்ம் வருதோ அதுதான். பெரும்பாலும் செட்-டாப் பாக்ஸ்ல முடியும். கேபிள் டிவி ஒயரோட வெளிவலை தெருக் கம்பத்துல ஒரு எர்த், உங்க ஆம்ப் வீட்டுல ஒரு எர்த். நடுவுல ஓடுற கரண்ட் ஆர்சிஏ ஒயர் வழியா போகுது.

ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல எல்லாத்தையும் போட்டீங்களா? ஆம்பை ஏசி பாயின்ட்லயும் ரிசீவரை டிவி பாயின்ட்லயும் போட்டா லூப் இன்னும் பெருசாகும். மீட்டர் கையில இருக்கே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஏசி வோல்ட் பாருங்க. ரெண்டு மூணு வரைக்கும் பரவாயில்லை. பத்துக்கு மேல இருந்தா ஆடியோவை விடுங்க, வீட்டு எர்த்தைப் பாருங்க.

#20 புதுக்குடி பேஸ்

நீங்க சொன்ன மாதிரியே. செட்-டாப் பாக்ஸ் கேபிளைக் கழட்டினா நிக்குது. கேபிள் டிவிதான், டிஷ் இல்லை.

#21 ஈயப்பத்து

அப்ப கோஆக்ஸ் ஒயர்ல கேல்வனிக் ஐசொலேட்டர் ஒண்ணு போட்டா முடிஞ்சது. சிக்னல் போகும், எர்த் தொடர்பு அறுந்துடும்.

படிக்கிற மத்தவங்களுக்கு: டிஷ் வெச்சிருந்தா இது ஆகாது. செட்-டாப் பாக்ஸ்ல இருந்து மேல டிஷ்ல இருக்கிற எல்என்பிக்கு (சிக்னல் பிடிக்கிற தலைக்கு) 13 அல்லது 18 வோல்ட் அதே ஒயர்ல போகணும், சாதாரண ஐசொலேட்டர் அதை மறிச்சுடும், படமே வராது. அங்க ஆர்சிஏ ஒயர்ல ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் போடணும். சின்ன மலிவு டிரான்ஸ்ஃபார்மர் 40, 50 ஹெர்ட்ஸுக்குக் கீழ திணறும். ஃப்ரண்டை 80ல வெட்டியிருந்தா அது அவ்வளவா தெரியாது.

ஆம்ப்ல எக்ஸ்எல்ஆர் இன்புட் இருந்தா இன்னொரு நல்ல வழி: உள்ளே ரெண்டு ஒயர், மேல வலை உள்ள கேபிள் எடுத்து, ஆர்சிஏ நடு ஊசியை எக்ஸ்எல்ஆர் 2வது முள்ளுக்கு, ஆர்சிஏ வளையத்தை 3வது முள்ளுக்குத் தனி ஒயர்ல, வலையை 1வது முள்ளுக்கு. வலை ஆர்சிஏ முனையில வளையத்தோட சேரும். 1, 3 ரெண்டையும் ஆம்ப் முனையில சேர்த்து ஈயம் வைக்கிற ரெடிமேட் கேபிள்ல இந்தப் பலன் கிடையாது.

லேன் ஒயர் உலோக உறை போட்டதா இருந்தா சாதாரண யுடிபியா மாத்துங்க, அதுவும் ஒரு லூப் வழி.

#22 புதுக்குடி பேஸ்

ஐசொலேட்டர் போட்டாச்சு, அமைதி. ஆடிஸ்ஸி மறுபடி ஓட்டினேன். முன்னாடி ஃப்ரண்ட் ட்ரிம் (சேனல் லெவல் திருத்தம்) -2.5 இருந்தது, இப்ப -8 காட்டுது. சென்டர் -1.5. இது சரியா?

#23 நாலு ஓம்

-8ன்னா ஆம்ப் கெயின் முன்னாடி இருந்ததைவிட அஞ்சரை டெசிபெல் கூட. இன்புட் சென்சிட்டிவிட்டி ஸ்விட்ச் 0.775லயே இருக்கும், 1.4க்கு மாத்துங்க. லெவல் குமிழ் ரெண்டும் முழுசா வலது பக்கம். மறுபடி ஓட்டினா -3 பக்கம் வரணும்.

-8ஐயே வெச்சா இப்போதைக்கு வேலை நடக்கும், இரைச்சல்தான் கொஞ்சம் ஏறும். -12 காட்டினாத்தான் ஆபத்து. அது ட்ரிம்மோட கடைசிப்படி. உண்மையில -14 தேவைப்பட்டிருந்தாலும் -12லயே நின்னுடும், ஃப்ரண்ட் எப்பவும் 2 டெசிபெல் கூட அடிச்சு சென்டர் வசனத்தை மூடும். அந்த நிலைமையில கெயின் ஸ்விட்ச் இல்லாத ஆம்ப்னா 10 டெசிபெல் ஆர்சிஏ அட்டெனுவேட்டர் ஒரு ஜோடி போட்டுக்கலாம்.

ஆடிஸ்ஸி ஃப்ரண்டை 'லார்ஜ்'னு மாத்தியிருக்கும், ஒவ்வொரு தடவையும் பார்த்து 'ஸ்மால்' 80க்குத் திருப்புங்க. போலாரிட்டி தப்புன்னு எச்சரிச்சா அலட்சியப்படுத்தாம ப்ளஸ், மைனஸ் ஒயரை ஒரு தடவை சரிபாருங்க. ஆம்ப் மாத்தும்போது ஒரு பக்கம் மட்டும் மாறிப் போறது சகஜம். குரல் நடுவுல நிக்காம ரூம் முழுக்கப் பரவி, பேஸ் மெலிஞ்சா அதுதான்.

#24 ஈயப்பத்து

ஆன், ஆஃப் வரிசையும் முக்கியம். ரிசீவர் முதல்ல, ஆம்ப் பிறகு. அணைக்கும்போது ஆம்ப் முதல்ல. மாத்திச் செஞ்சா ரிசீவர் அணையுற 'டப்' 200 வாட்ல ட்வீட்டருக்குப் போகும். ஆம்ப்ல 12 வோல்ட் ட்ரிக்கர் இன்புட் இருந்தா 3.5 மிமீ மோனோ கேபிள் போட்டு ரிசீவர்கிட்ட விட்டுடுங்க. சிக்னல் வந்தா தானா எழுந்திருக்கிற வகையை நம்பாதீங்க, நீளமான அமைதிக் காட்சியில தூங்கிடும், எழும்போது முதல் சொல் போயிடும்.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் லைன்ல இந்த ஆம்பைப் போட்டிருந்தா எடுத்துடுங்க. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா நிச்சயமா எடுக்கணும். ரிலே வகை ஸ்டெபிலைசரும் வேண்டாம், ஒவ்வொரு 'டிக்'கும் ஸ்பீக்கர்ல கேட்கும்.

#25 புதுக்குடி பேஸ்

ஸ்விட்ச் 0.775லதான் இருந்தது. 1.4க்கு மாத்தி ஓட்டினா ட்ரிம் -3. இப்ப -6ல ஃப்ரண்ட் உறுத்தல் இல்லை. -12ல முன்னாடி இருந்த மாதிரியேதான் இருக்கு, வித்தியாசம் எனக்குத் தெரியலை. ட்ரிக்கர் இல்லாத ஆம்ப், ரிசீவருக்குப் பின்னாடி கையால போடுறேன்.

#26 சென்டர் கட்சி

-6ல சென்டரை ஒரு தடவை மீட்டர்ல பாருங்க. அதே 300 ஹெர்ட்ஸ் டோன், சென்டர் சேனல்ல மட்டும் வர்ற ஃபைலா செஞ்சு, சென்டர் டெர்மினல்ல. 7 வோல்ட்டுக்கு மேல போனா அடுத்து அதுக்கும் ஒரு சேனல் தேவைப்படும்.

#27 புதுக்குடி பேஸ்

6.2 வோல்ட்.

#28 மீட்டர்காரர்

நாலால பெருக்கினா 25 வோல்ட், 8 ஓமுக்கு 77 வாட். ஃப்ரண்ட் விலகிட்டதால ரிசீவர் இதைத் தாராளமா கொடுக்கும். இப்போதைக்கு விட்டுடுங்க. -4க்கு ஏத்த ஆசை வந்தா மட்டும் மறுபடி அளங்க.